கோப்பி மெஷினும் கிணற்றுத் தண்ணீரும்

"ராத்தா, அந்தக் கோப்பி மெஷின் செத்துப் போச்சு. சத்தம் மட்டும் போடுது, ஒரு சொட்டுத் தண்ணி வருதில்ல."

புத்தளத்திலிருக்கும் என் தங்கச்சி தொலைபேசியில் இதைச் சொன்னபோது அவளது குரல் ஏதோ மையித்துச் செய்தி சொல்வது போலவே இருந்தது. இருக்காதா பின்னே! கட்டாரில் வேலை செய்யும் மூத்த மகன் விடுமுறையில் வந்தபோது, மற்ற எல்லாவற்றையும் பயணப்பொதியில் போட்டுவிட்டு, இதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்தவன். "உம்மா, இனி நீங்க கோப்பி ஊத்திக்கிட்டு நிக்கத் தேவையில்ல" என்று சொல்லிக் கொடுத்த பரிசு. எட்டு மாதம்கூட ஆகவில்லை.

ஊரிலே மின்சாரப் பொருட்கள் திருத்துபவர் ஒருவர் அதைக் கழற்றினார். உள்ளே விரல் நுழையாத குழாய்கள். அவற்றின் உட்புறமெல்லாம் வெள்ளை வெளேரென்று கல் படிந்திருந்ததாம். அவர் தங்கச்சியைப் பார்த்துக் கேட்டாராம், "தங்கச்சி, தண்ணியா ஊத்தினீங்க, சீமெந்தா ஊத்தினீங்க?" என்று.

வேடிக்கையாகக் கேட்டாரோ என்னவோ, அது முற்றிலும் வேடிக்கையல்ல. புத்தளம் பகுதியின் நிலத்தடியில் இருப்பது சுண்ணக்கல். அந்தக் கல்லைத் தோண்டியெடுத்துத்தான் அங்கே சீமெந்து செய்கிறார்கள். அதே கல்லினூடாக ஊறி வரும் கிணற்று நீரைத்தான் தங்கச்சி எட்டு மாதமாக மெஷினுக்கு ஊற்றியிருக்கிறாள்.

இன்று நமது வீடுகளில் இந்த மெஷின்கள் பெருகிவிட்டன. வெளிநாட்டிலிருந்து வரும் கணவனோ மகனோ கொண்டு வருகிறார். கல்யாண வீட்டில் அன்பளிப்பாகக் கிடைக்கிறது. கொழும்பில் தவணைப் பணத்துக்கும் எடுக்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் விளக்கப் புத்தகமோ இத்தாலிய மொழியில் இருக்கும், ஜேர்மன் மொழியில் இருக்கும், அறபியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். தமிழில் இராது. வாங்கிக் கொடுத்தவர் திரும்பப் போய்விடுவார். மெஷினோடு மல்லுக்கட்டுவது குசினியில் நிற்கும் பெண்தான். பழுதானால் "உங்களுக்குப் பாவிக்கத் தெரியல்ல" என்ற பழியும் அவளுக்கே. தங்கச்சிக்கும் அதுதான் நடந்தது. எனவேதான் இதை எழுத நினைத்தேன்.

கேத்தலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நாம் வழக்கமாகக் கோப்பி ஊற்றும் முறை எளிது. கொதிதண்ணீரைத் தூளில் ஊற்றுகிறோம். சாரம் மெதுவாக இறங்குகிறது. மண்டி அடியில் படிகிறது. எஸ்பிரெஸ்ஸோ மெஷின் செய்வது வேறு. ஏறத்தாழ 90 முதல் 96 பாகை செல்சியஸ் வரை சூடான நீரை, இறுக்கி அழுத்திய தூளினூடாகப் பலவந்தமாகத் தள்ளுகிறது. ஒரு நிமிடத்தில் பாதி நேரத்துக்குள் சிறு கோப்பையில் கெட்டியான கோப்பி இறங்கிவிடுகிறது. அதன் மேலே பொன்னிற நுரை ஒன்று மிதக்கும்.

இத்தாலியின் மிலான் நகரில் லுயிஜி பெஸெரா என்பவர் 1901 இல் இத்தகைய மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். அது ஆவியின் பலத்தில் வேலை செய்தது. அதனால் அமுக்கம் குறைவு, சூடு அதிகம், கோப்பியில் கருகிய வாடை. பின்னர் அதே நகரத்தவரான அக்கீலே காஜ்ஜியா, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில், நெம்புகோலை இழுத்து வில்லின் விசையால் நீரைத் தள்ளும் மெஷினைக் கொண்டு வந்தார். அந்தப் பொன்னிற நுரை அப்போதுதான் தோன்றியது. 1961 இல் மின்சார பம்ப் வந்தது. இப்போது நமது மேசையில் இருப்பது அதன் பேரப்பிள்ளை என்று சொல்லலாம். ஆனால் கோப்பி குடிக்கும் பழக்கமே யெமனிலிருந்துதான் உலகத்துக்குப் போனது என்பதையும், 'மொக்கா' என்ற பெயர் யெமன் துறைமுகம் ஒன்றின் பெயர் என்பதையும் இத்தாலியர் மறந்தாலும் நாம் மறக்கத் தேவையில்லை.

அமுக்கத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெட்டியில் '15 பார்' என்றும் '20 பார்' என்றும் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது பம்பினால் தள்ளக்கூடிய உச்ச அளவு மட்டுமே. நல்ல கோப்பிக்குத் தேவையானது ஏறத்தாழ 9 பார். 20 பார் மெஷின் 15 பார் மெஷினைவிடச் சிறந்தது என்று கடைக்காரர் சொன்னால் நம்பி அதிகப் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த 9 பார் என்பதும் சாதாரணமானதல்ல. நமது பிரஷர் குக்கருக்குள், வெளியே உள்ள காற்றின் அமுக்கத்தைவிட ஏறத்தாழ 1 பார்தான் மேலதிகமாக ஏறுகிறது. அதற்கே நாம் எவ்வளவு பயப்படுகிறோம்! விசில் அடங்கும் வரை மூடியைத் தொடமாட்டோம். ஆனால் அதைப் போல் ஒன்பது மடங்கு அமுக்கம் ஏறும் இந்தச் சாமானை, அழகாகப் பளபளவென்று இருப்பதால், விளையாட்டுப் பொருள் போல் கையாளுகிறோம்.

என் மகளுக்கு நடந்தது

இதை எழுதும்போது இன்னும் மனம் பதறுகிறது. எங்கள் வீட்டிலும் ஒரு மெஷின் இருக்கிறது. கடையில் வாங்கிய கோப்பித்தூளை மகள் நிறையப் போட்டு, பலமாக அழுத்தி, மெஷினைப் போட்டாள். பம்ப் உறுமியது, கோப்பி இறங்கவில்லை. அரை நிமிடம் பார்த்தாள், ஒரு நிமிடம் பார்த்தாள். பின்பு சுவிச்சை அணைத்துவிட்டு உடனே கைப்பிடியைத் திருப்பிக் கழற்றினாள்.

உள்ளே அடைபட்டிருந்த அமுக்கம் அந்த வழியால் வெளிப்பட்டது. கொதிக்கும் கோப்பி மண்டி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தெறித்தது. இன்னும் நாலு அங்குலம் குனிந்திருந்தால் முகத்தில் அடித்திருக்கும். சுபஹானல்லாஹ், அதை நினைக்கவே முடியவில்லை.

பக்கத்து வீட்டு மாமி பற்பசையைக் கொண்டு ஓடி வந்தார். இன்னொருவர் முட்டை வெள்ளை என்றார். நல்ல வேளையாக என் கொழுந்தி ஒரு தாதி. இரண்டையும் தடுத்துவிட்டு, வளையலைக் கழற்றி, கையைப் பைப்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு 20 நிமிடம் நின்றாள். தீக்காயத்துக்கு முதலில் செய்ய வேண்டியது இதுதான்: ஓடும் குளிர்ந்த நீர், 20 நிமிடம். ஐஸ் கூடாது. பற்பசை, எண்ணெய், பட்டர் எதுவுமே கூடாது. காயம் பட்ட பிள்ளை சிறியதென்றாலோ, உள்ளங்கையளவைவிடப் பெரிய கொப்புளம் என்றாலோ, முகத்தில் பட்டிருந்தாலோ நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கோப்பி இறங்காமல் அடைபட்டால் மெஷினை நிறுத்திவிட்டு, கைப்பிடியைத் தொடாமல் சில நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். விலை கூடிய சில மெஷின்களில், நிறுத்தியவுடன் அமுக்கத்தை வெளியே விடும் வால்வு ஒன்று உண்டு. 'புஸ்' என்று கீழ்த்தட்டில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். சாதாரண மெஷின்களில் அது இல்லை. அவற்றில் ஆவிக்குழாயைத் திறந்துவிட்டுப் பொறுத்திருப்பதும் உதவும். அதன் பின்னும் ஒரு துணியைப் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகவே திருப்புங்கள். நேரமிருந்தால் முற்றாகக் குளிரும் வரை விடுவது இன்னும் நல்லது. ஒரு கோப்பைக் கோப்பிக்காக அவசரப்பட வேண்டியதில்லை.

ஏன் அடைபட்டது?

மகள் செய்த பிழை என்ன? நமது கடைகளில் விற்கும் கோப்பித்தூள் பெரும்பாலும் மாவு போல அரைக்கப்பட்டது. கோப்பையில் ஊற்றி மண்டியைப் படிய விடுவதற்கு அது பொருத்தம். மெஷினில் போட்டு அழுத்தினால் களிமண்ணைப் போல் இறுகிவிடும். இஞ்சி, கொத்தமல்லி சேர்த்த தூள் என்றால் சொல்லவே வேண்டாம். அந்தக் கோப்பி எனக்கு உயிர்; தடிமனுக்கு அதைவிட மருந்தில்லை. ஆனால் அதன் இடம் கேத்தல்தான், மெஷினல்ல.

மெஷினுக்கான தூள், விரலிடையில் உருட்டிப் பார்த்தால் மாவாகவும் இருக்கக்கூடாது, சீனி போல் கரகரப்பாகவும் இருக்கக்கூடாது. இரண்டுக்கும் நடுவே, மெல்லிய உப்புத்தூள் போல இருக்க வேண்டும். கொட்டையாக வாங்கி அவ்வப்போது அரைப்பதே சிறந்தது. மசாலா அரைக்கும் கிரைண்டரின் கத்தி ஒரே அளவாக அரைக்காது. பாதி மாவாகும், பாதி குருணியாகும். அது மட்டுமல்ல, நேற்று அரைத்த சீரகம் இன்றைய கோப்பியில் மணக்கும். இரண்டு பற்சக்கரங்களுக்கிடையே நசுக்கி அரைக்கும் கைமில் ஒன்று இருந்தால் போதும்.

இரண்டு கோப்பைக்கான வடிக்கிண்ணத்துக்கு 14 முதல் 18 கிராம் வரை தூள் பிடிக்கும். இறங்க வேண்டிய கோப்பி அதன் எடையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. 16 கிராம் தூளுக்கு 32 கிராம் கோப்பி. எடுக்கும் நேரம் 25 முதல் 30 செக்கன். 10 செக்கனில் தண்ணீராக ஓடி வந்தால் தூள் கரகரப்பு, புளிப்பாக இருக்கும். ஒரு நிமிடமாகியும் சொட்டுச் சொட்டாக விழுந்தால் தூள் மாவு, கசக்கும். அடுத்த முறை அரைக்கும் அளவை மட்டும் மாற்றுங்கள். தூளின் அளவு, அழுத்தம், அரைப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பிழை என்று கடைசி வரை தெரியாது. கேக் அடிக்கும் சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அழுத்துவதற்குக் கைப்பலம் முக்கியமல்ல, மட்டமாக இருப்பதே முக்கியம். ஒரு பக்கம் சரிந்திருந்தால் நீர் பதிந்த பக்கத்தால் ஓடிவிடும். விளிம்பில் ஒட்டியிருக்கும் தூளை விரலால் துடைத்துவிட்டே கைப்பிடியை மாட்டுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தூள் ரப்பர் வளையத்தை அரித்துவிடும்.

விலை குறைந்த மெஷின்களோடு வரும் வடிக்கிண்ணத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள். அடியில் ஒரேயொரு ஊசித்துளை இருந்தால் அது இரட்டைச் சுவர்க் கிண்ணம். அது தூளின் குறையை ஓரளவு மறைத்து, நுரையையும் உண்டாக்கித் தரும். கடைத்தூள் பாவிப்போருக்கு அது வசதி. ஆனால் அந்த ஒற்றைத் துளை அடைபட்டால் என் மகளுக்கு நடந்ததே நடக்கும். கழுவிய பின் ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது.

பாலும் ஆவியும்

பால் சூடாக்கும் ஆவிக்குழாய்தான் வீட்டில் அதிகம் அசுத்தமாகும் இடம். பாலில் வைப்பதற்கு முன் ஒரு செக்கன் ஆவியைத் திறந்துவிடுங்கள், உள்ளே நிற்கும் தண்ணீர் போகட்டும். பால் 60 முதல் 65 பாகை வரை சூடானால் போதும். பாத்திரத்தைக் கையால் பிடிக்க முடியாமல் போகும் நேரம் அதுதான். கொதிக்க விட்டால் பாலின் இனிமை போய்விடும். முடிந்தவுடன் மறுபடி ஒரு செக்கன் ஆவியைத் திறந்து, நனைந்த துணியால் துடைக்க வேண்டும். அதே கணத்தில். 'பிறகு துடைக்கலாம்' என்று விட்ட பால், குழாயில் பிளாஸ்டர் போல் காய்ந்துவிடும். உள்ளே உறிஞ்சப்பட்ட பால் புளித்து, அடுத்த நாள் குழந்தைக்குக் கொடுக்கும் பாலில் கலக்கும்.

பால்மா கரைத்து நுரைக்க வைப்பவர்கள் நன்றாகக் கரைத்து, வடித்து, குளிர வைத்த பின் பாவியுங்கள். கட்டி இருந்தால் துளை அடைபடும். அடைபட்டால் ஊசியால் குத்துங்கள், ஆனால் மெஷின் அணைந்து குளிர்ந்திருக்கும்போது மட்டும்.

இன்னொன்று. ஆவி எடுத்த பின் பொயிலர் மிகவும் கொதித்திருக்கும். உடனே கோப்பி எடுத்தால் கருகிய சுவை வரும். வெற்றுக் கோப்பையைக் கீழே வைத்து, சீறல் சத்தம் அடங்கும் வரை கொஞ்சம் தண்ணீரை ஓட விட்ட பின் எடுங்கள்.

கழுவுதல்

ஒவ்வொரு கோப்பிக்குப் பிறகும் மண்டியைத் தட்டிவிட்டு, கைப்பிடி இல்லாமல் இரண்டு மூன்று செக்கன் தண்ணீரை ஓட விடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் தூள் கழுவுப்படும். மண்டியைத் தொட்டியில் கொட்டாதீர்கள். குழாய் அடைபட்டு, கோப்பி மெஷின் திருத்துபவருக்குக் கொடுப்பதைவிட அதிகமாகப் பைப் திருத்துபவருக்குக் கொடுக்க நேரிடும். பூஞ்செடிக்குப் போடலாம்.

கோப்பியில் எண்ணெய் உண்டு. அது நாளடைவில் காறி, நல்ல தூளைப் போட்டாலும் பழைய வாடையே வரும். வாரத்துக்கு ஒருமுறை வடிக்கிண்ணத்தையும், தலைப்பகுதியிலுள்ள சல்லடைத் தட்டையும் கழற்றிக் கழுவுங்கள். சல்லடைத் தட்டு நடுவிலே ஒரு திருகாணியால்தான் பொருத்தப்பட்டிருக்கும். முதல் முறை கழற்றியபோது எங்கள் மெஷினில் அதன் பின்னால் விரலளவு கறுப்புப் பிசின் இருந்தது. அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் மாதக் கணக்கில் குடித்திருக்கிறோம்! இதற்கென விற்கும் கழுவும் தூளைச் சுடுநீரில் கரைத்து ஊறப் போடலாம். அலுமினியத்தால் ஆன பாகங்களை அதில் ஊறப் போடக்கூடாது, கறுத்துவிடும்.

அமுக்கம் விடும் வால்வு உள்ள மெஷின்களில், துளையில்லாத கிண்ணத்தைப் போட்டு நீரைப் பின்னோக்கித் தள்ளிக் கழுவும் முறை ஒன்றுண்டு. அந்த வால்வு இல்லாத மெஷினில் அதைச் செய்து பார்க்காதீர்கள்.

கைப்பிடியின் ஓரத்தால் தண்ணீர் கசியத் தொடங்கினால் பயந்துபோய்ப் புது மெஷின் தேட வேண்டாம். சூட்டில் ரப்பர் வளையம் பிளாஸ்டிக் போல் இறுகிவிட்டது, அவ்வளவுதான். ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழமை. பழைய வளையத்தையே கொண்டுபோய்க் காட்டி, அதே தடிப்பில், உணவுப் பொருளுக்கு ஏற்ற ரப்பரில் வாங்குங்கள். இரவில் கைப்பிடியை இறுக்கி மாட்டி வைக்காமல் கழற்றி வைத்தால் வளையம் இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும்.

மெஷினின் உள்ளே எப்போதும் இளஞ்சூடும் ஈரமும் இருக்கும். நமது ஊர்க் கரப்பானுக்கு அதைவிடச் சொர்க்கமில்லை. கீழ்த்தட்டில் பால் கலந்த நீரை இரவு முழுவதும் வைத்தால் எறும்பு அழைப்பில்லாமலே வரும். படுக்கப் போகுமுன் தட்டைக் கழுவிக் கவிழ்த்து விடுங்கள்.

இனித் தண்ணீர்

தங்கச்சியின் மெஷினுக்கு வருவோம். சுண்ணக்கல் நிலத்து நீரில் கல்சியம் கரைந்திருக்கும். சூடாகும்போது அது கல்சியம் காபனேற்றாக மாறி வெள்ளைக் கல்லாகப் படியும். உங்கள் வீட்டுத் தண்ணீர் எப்படி என்பதை அறிய எந்த ஆய்வுகூடமும் தேவையில்லை. கேத்தலைத் திறந்து உள்ளே பாருங்கள். வெள்ளைத் தட்டுத் தட்டாக ஒட்டியிருக்கிறதா? அதே கல் மெஷினின் உள்ளும் படிகிறது. கேத்தலில் கண்ணுக்குத் தெரிகிறது, சுரண்டலாம். மெஷினில் தெரியாது, குழாய் ஒடுங்கி ஒடுங்கி ஒரு நாள் நின்றுவிடும். பம்ப் தள்ள முடியாமல் தவித்துக் கருகும்.

லபுகம போன்ற நீர்த்தேக்கங்களிலிருந்தும் களனி கங்கையிலிருந்தும் நீர் பெறும் கொழும்புக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு, அது மென்னீர். யாழ்ப்பாணம், புத்தளம், அனுராதபுரம் போன்ற உலர் வலயப் பகுதிகளில் கிணற்று நீர் பாவிப்போர்தான் கவனமாக இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்து, முற்றாக ஆற விட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல் நீரை மட்டும் வடித்து எடுங்கள். கல்லின் பெரும் பகுதி பாத்திரத்திலேயே நின்றுவிடும். ஆனால் எல்லா வன்மையும் கொதித்தால் போகாது. உப்புக் கரிக்கும் நீரின் உப்பும் போகாது. கரையோரத்து உவர் நீரை மெஷினுக்கு ஊற்றவே வேண்டாம். அது உலோகத்தை அரிக்கும். பலர் வீட்டில் வைத்திருக்கும் வெள்ளைக் களிமண் திரி ஃபில்டர் அழுக்கையும் கிருமியையும் தடுக்கும். கரைந்த சுண்ணாம்பைத் தடுக்காது. தங்கச்சி அந்த ஃபில்டர் தண்ணீரைத்தான் ஊற்றினாள், சுத்தமான நீர் என்று நம்பி.

உலர் வலயக் கிராமங்களில் இப்போது சுத்திகரித்த ஆர்.ஓ. நீர் போத்தலில் கிடைக்கிறது. அது நல்லது. ஆனால் அதில் கனிமமே இல்லாதிருப்பதும் பிரச்சினை: கோப்பி சப்பென்றிருக்கும், சில மெஷின்களின் உணர்கருவி தாங்கியில் தண்ணீர் இல்லை என்றே நினைத்துக்கொள்ளும். கொதித்து வடித்த நீரில் ஒரு பங்கு சேர்த்துக்கொண்டால் சரி.

எவ்வளவு கவனித்தாலும் கல் கொஞ்சம் படியவே செய்யும். வன்னீர்ப் பகுதியில் மாதத்துக்கு ஒருமுறையும், மென்னீர்ப் பகுதியில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் அதைக் கரைத்து எடுக்க வேண்டும். மெஷினோடு வந்த புத்தகம் ஒரு மருந்தைச் சொன்னால் அதையே பாவியுங்கள், முக்கியமாக உத்தரவாதக் காலத்தில். கிடைக்காவிட்டால் சிட்ரிக் அசிட் தூள் இருக்கிறது. 1 லீற்றர் நீருக்கு 20 கிராம், அதாவது குவித்த ஒரு மேசைக்கரண்டி. கரைத்துத் தாங்கியில் ஊற்றுங்கள். மெஷின் அதிகம் கொதித்திருக்கக்கூடாது, இளஞ்சூடு போதும். கால்வாசியைத் தலைப்பகுதியாலும் ஆவிக்குழாயாலும் எடுத்துவிட்டு, அணைத்து, 15 நிமிடம் ஊற விடுங்கள். மறுபடி கொஞ்சம் எடுங்கள், மறுபடி ஊற விடுங்கள். முடிந்ததும் இரண்டு தாங்கி நிறையச் சுத்தமான நீரை ஓட விட்டுக் கழுவுங்கள். பொயிலர் அலுமினியம் என்றால் அதிக நேரம் ஊற விடாதீர்கள், அமிலம் அதையும் தின்னும்.

வினாகிரி போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். கரைக்கும்தான், ஆனால் ரப்பருக்குக் கூடாது, நாற்றமும் லேசில் போகாது. தேசிக்காய்ச் சாறு? வேண்டவே வேண்டாம். சக்கையும் சீனித்தன்மையும் உள்ளே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். இன்னொரு எச்சரிக்கை: இந்த அமிலம் உள்ள நேரத்தில் வெளுக்கப் போடும் குளோரின் நீரைத் தொட்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சு வாயு எழும்.

மின்சாரம்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மெஷின் 1000 முதல் 1500 வாட்ஸ் வரை இழுக்கும். மின்குமிழ் விளக்குக்கும் மின்விசிறிக்கும் போடும் 5 அம்பியர் சிறிய வட்டமுனைப் ப்ளக்கில் மாற்றி ஒன்றைச் செருகிப் பாவிக்காதீர்கள். சூடாகி உருகிய இடங்கள் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் மெஷினை நமது 230 வோல்டில் நேரே போட்டால் அன்றே முடிந்துவிடும். பின்புறத்து ஒட்டுத்தாளைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

தாங்கியில் தண்ணீர் முடிந்த பின் பம்பை ஓட விடக்கூடாது. அப்படி ஓடி, பிறகு தண்ணீர் ஊற்றியும் வராவிட்டால் காற்று அடைத்திருக்கலாம். ஆவிக்குழாயைத் திறந்துவிட்டுப் பம்பைச் சற்று ஓட விட்டால் காற்று வெளியேறித் தண்ணீர் வரும்.

2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அப்போது எங்கள் மெஷின் மேசை அலங்காரமாகத்தான் நின்றது. அந்த நாட்களில் கைகொடுத்தது அடுப்பில் வைக்கும் சிறிய மொக்கா கேத்தல். 1933 இல் இத்தாலியர் அல்போன்ஸோ பியலெத்தி உருவாக்கியது. மூன்று பாகம், மின்சாரம் தேவையில்லை, விலையும் குறைவு. ஆனால் இதிலும் அமுக்கம் உண்டு. கீழ்ப்பாகத்துப் பித்தளை வால்வுக்கு மேலே தண்ணீர் ஊற்றக்கூடாது, தூளை அழுத்தக்கூடாது, அந்த வால்வில் கல் படிய விடக்கூடாது. மெஷின் வாங்க வசதியில்லையே என்று கவலைப்படும் சகோதரிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

நோன்பு காலத்தில் மெஷின் பகல் முழுவதும் நிற்கும். தாங்கித் தண்ணீரைத் தினமும் மாற்றிவிடுங்கள். உம்றாவுக்கோ ஊருக்கோ போய் வீடு பூட்டியிருக்கும் என்றால் தாங்கியைக் காலியாக்கித் துடைத்து, மூடாமல் வையுங்கள்.

கர்ப்பிணிச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. சிறு கோப்பை ஒன்றில் ஏறத்தாழ 60 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கஃபீன் உண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2015 இல் கர்ப்பிணிகளுக்குச் சொன்ன எல்லை நாளுக்கு 200 மில்லிகிராம். தேநீரில் உள்ளதும் இதில் அடக்கம். சோற்றோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் கோப்பி குறைக்கும். இரத்தம் குறைவென்று மாத்திரை எடுப்போர் ஓரிரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள்.

தங்கச்சியின் மெஷின் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அந்தத் திருத்துபவர் பொறுமைசாலி. குழாய்களைக் கழற்றி, சிட்ரிக் அசிட்டில் இரண்டு நாள் மாறி மாறி ஊற வைத்து, கம்பியால் குடைந்து, கல்லை எடுத்தார். பம்ப் கருகிவிட்டிருந்தது, கொழும்பிலிருந்து ஒன்று தருவித்துப் போட்டார். செலவு, புது மெஷின் விலையில் மூன்றிலொரு பங்கு வந்தது. மகனுக்குத் தெரியாமல் தன் சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்தாள்.

போன மாதம் புத்தளம் போயிருந்தேன். குசினிச் சுவரில் நாட்காட்டி தொங்குகிறது. ஒவ்வொரு மாதத்து முதல் சனிக்கிழமையிலும் பென்சிலால் ஒரு வட்டம். மேசையில் மூடிய பானையில் கொதித்து ஆறிய தண்ணீர். அடியில் வெள்ளைப் படிவு. "பாருங்க ராத்தா, இதெல்லாம் மெஷினுக்குள்ள போயிருக்கும்" என்று சிரட்டைக் கரண்டியால் மேல் நீரை மெதுவாக மொண்டு ஊற்றினாள்.